கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை

ஸ்டெல்லா அன்று காலை கஞ்சியைப் பாராட்டினாள். லூர்துநாதன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே சத்தம் கேட்காமல் அழுதான்.

பெண்டாட்டி பாராட்டினால் எந்தப் புருஷனாவது அழுவானா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டெல்லாவைக் கட்டியிருந்தால் கேட்க மாட்டீர்கள். அவர்கள் குடித்தனம் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அதில் ஒருநாள்கூட "நல்லாருக்கு" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. உப்பு கூடினால் சொல்வாள். குறைந்தாலும் சொல்வாள். சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் அவன் ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான்.

"நல்லாருந்தா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொன்னா என்ன கொறைஞ்சா போயிடுவ?"

"திட்டலையே? அப்ப நல்லாருக்குன்னுதான் அர்த்தம்," என்றாள் அவள். "என் கம்பைலர் பேசுதா? தப்பிருந்தா எந்த வரியில தப்புன்னு சொல்லும். தப்பில்லன்னா வாய மூடிக்கிட்டு வேலைய முடிச்சிட்டுப் போயிரும். பூத்தூவிப் பாராட்டறதுக்கு அது என்ன கல்யாண வீடா?"

அப்படிப்பட்டவள்தான் இப்போது, "கஞ்சி ரொம்ப நல்லாருக்கு லூர்து. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது," என்கிறாள். இதைச் சொன்னது ஸ்டெல்லா இல்லை, யூகி என்பது அவனுக்குத் தெரியும். யூகியை எழுதியவனே அவன்தான். அதனால்தான் அழுதான்.

இதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

இருவரும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவனுக்குக் கணினித் திரைகளை அழகுபடுத்துகிற பிரிவு. அங்கே பச்சைப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானாக நடக்கும். முடிந்ததும் "வாழ்த்துகள்!" என்று திரையெங்கும் வண்ணக் காகிதம் பறக்கும். அவளுக்கு ஜாவா என்ற கணினி மொழியின் கம்பைலரைப் பராமரிக்கிற பிரிவு. மனிதர்கள் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற கோப்பாக மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. ஜாவாவுக்கு அதற்குள் நன்றாக வயதாகிவிட்டது. ஆனாலும் வங்கிகளும் ரயில்களும் அதை விடுவதாக இல்லை. ஸ்டெல்லாவின் மேசையில் பொத்தானும் கிடையாது, வண்ணமும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை ஒரு வரியாகத் தட்டி எண்டரை அழுத்துவாள். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் வேலை முடிந்தது என்று பொருள். லூர்துநாதனுக்கு அந்த மௌனத்தின்மேல் நம்பிக்கையே வராது. ஒருநாள் சந்தேகம் கேட்கப் போனான். மறுநாள் சந்தேகமே இல்லாமல் போனான். அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று.

பிள்ளைகள் இல்லை. வேலை போதும் என்று தோன்றியபோது, திருச்சி மேலப்புதூரில் அவளுடைய அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்த அடுத்த வருடம் ஸ்டெல்லாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். விரல் போயிற்று, கை போயிற்று, கால் போயிற்று, பிறகு நாக்கு. இமைகள் அவள் சொல்லாமலே படபடத்துக்கொண்டிருந்தன. அதனால் கண்ஜாடைக்கும் வழியில்லை. கடைசியில் மிஞ்சியது தொண்டைக்குள் ஒரு துடிப்பு மட்டும்.

அந்தத் துடிப்பைப் படித்துப் பேசுகிற பேச்சுப்பட்டைகள் அப்போது மருந்துக் கடையிலேயே கிடைத்தன. கழுத்தில் ஒட்டிக்கொண்டு பேச முயன்றால் போதும். பாதிச் சொல்லைக் கேட்டதுமே மீதியைக் கம்பெனிக்காரன் யூகித்துச் சொல்லிவிடுவான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செபஸ்தியார் கோயில் தெருவில் ஒரு பெரியவர், வாழ்நாளெல்லாம் காலையில் பழைய சோறு தவிர எதையும் தொடாதவர், பட்டை ஒட்டிய மறு மாதத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் ஓட்ஸை வேளாவேளைக்குக் கேட்க ஆரம்பித்தார். வேறொரு ஊரில் இன்னொருவரின் பட்டை அவர் வீட்டையே அண்ணன் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வழக்கு டில்லிவரை போய்க் கடைசியில் 'சொந்தச் சொல் சட்டம்' வந்தது. சொத்து, சிகிச்சை, உயிர் ஆகிய விஷயங்களில், யூகிக்கிற பட்டை சொன்ன சொல் செல்லாது.

சந்தைப் பட்டை என்றாலே ஸ்டெல்லாவுக்கு எரிச்சல். "என் வாயில எவனோ பேசறதுக்கு நான் என்ன சாமியாடியா?" என்றவள், விரல்கள் ஓடிய கடைசி மாதங்களில் தனக்கான பட்டையின் நிரலைத் தானே ஜாவாவில் எழுதினாள். தன் குரலையும் முன்கூட்டியே பதிந்து வைத்தாள். அந்த நிரலுக்கு இரண்டு சட்டங்கள். பேசியது எதையும் அது சேமித்து வைக்கக் கூடாது. அடுத்தது, அவள் விழுங்கும்வரை அது வாயைத் திறக்கக் கூடாது. சொற்கள் பட்டையோடு இணைத்த சின்னக் கணினிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகச் சேரும். அவள் எச்சிலை ஒருமுறை அழுத்தி விழுங்கினால் சேர்ந்ததெல்லாம் குரலாக வெளியே வரும்.

"எண்டர் தட்டாம கம்ப்யூட்டரே ஒண்ணும் பண்றதில்ல," என்றாள். "நான் மட்டும் நெனைக்கறதையெல்லாம் அப்பப்பக் கத்திக்கிட்டுக் கெடக்கணுமா?"

யூகிப்பதற்கென்றும் ஒரு சின்ன நிரல்துண்டுக்கு இடம் விட்டாள். அதற்கு யூகி என்று பெயர் வைத்தாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. கொடுத்த சொல்லை அது அப்படியே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பின்னால் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பின்னால் தேவைப்பட்டது. ஒரு சொல்லைத் தொண்டையில் உருட்டித் திரட்டுவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும் என்கிற நிலை வந்தது. பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, நீ ரெஸ்ட் எடும்மா," என்று எழுந்துகொள்வார்கள். அவர்கள் போய்விடுவார்களே என்று அவள் சொல்லுக்குச் சொல் விழுங்கினாள். "தண்ணி." "ஜன்னல்." "வலி." இப்படி ஒற்றைச் சொற்களாகத் தன் மனைவி சுருங்குவதைப் பார்க்க லூர்துநாதனால் முடியவில்லை.

"யூகிக்குள்ள நான் எழுதட்டுமா ஸ்டெல்லா? ரெண்டு வார்த்தை நீ சொன்னாப் போதும். மிச்சத்த அது முடிச்சுக்கும்."

வெகு நேரம் கழித்து, "எழுது," என்றது அவள் குரல். பிறகு, "என்." பிறகு, "கம்பைலர்ல."

யூகியைப் பழக்குவதற்கு அவளுடைய பழைய மெசேஜ்களை எடுத்தான். "வரும்போது பால்." "ஏன் போன எடுக்கல?" "குடை மறந்துட்ட." இருபது வருட மெசேஜ்களில் அன்பாக ஒரு வரியைத் தேடினால் கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு பழக்கினால் யூகி நாள் முழுதும் பால் வாங்கத்தான் அனுப்பும். அதனால் அவளுக்குத் தான் அனுப்பியவற்றையும் அவன் சேர்த்தான். அவற்றில் அன்புக்குப் பஞ்சமில்லை. அவள் கோப்புகளைத் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று புதிதாக ஒரு ஃபோல்டரைத் திறந்து யூகியை அதில் எழுதினான். அவள் சொல்லித் தந்திருந்த கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினான்.

கறுப்புத் திரை அடுத்த வரிக்குப் போயிற்று.

"என்னது, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது?"

"அப்ப," என்றாள் ஸ்டெல்லா. பிறகு, "சரி."

மறுநாள் காலை அவன் அறைக்குள் நுழைந்ததும், "நேத்து நீ தூங்கவே இல்ல லூர்து. கொஞ்ச நேரம் போய்ப் படு," என்று முழு வாக்கியமாக அவள் குரல் வந்தது. லூர்துநாதன் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அன்று தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியங்கள்தான் வரும். ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக வரும், தேனாகவும் வரும். எப்போதாவது யூகி தடம் மாறிப் பேசியது. ஒரு சாயங்காலம், "கொசுவலையப் போடட்டுமா?" என்று கேட்டதற்கு, "அந்த நீலச் சட்டையில நீ மாப்பிள்ளை மாதிரி இருக்க," என்றது. அவன் அப்போது பனியனோடு நின்றுகொண்டிருந்தான். நீலச் சட்டையைக் காலையில் போட்டுக் கடைக்குப் போய்வந்து மத்தியானமே துவைக்கப் போட்டாகிவிட்டது. பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் இன்னும் கொஞ்சம் மெசேஜ்களைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தான். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் வந்த சந்தோஷம் மெல்ல மெல்ல உறுத்தலாக மாறியது. அத்தனையும் அவனுடைய வார்த்தைகள். அவன் அவளுக்கு எழுதியதையே இயந்திரம் அவள் குரலில் அவனுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிஜ ஸ்டெல்லா உள்ளே எங்கேயோ, உப்பு கூடிப்போச்சு என்று சொல்ல முடியாமல் படுத்திருக்கிறாள். அவள் வாயை அடைத்தது தான்தானோ என்று அவனுக்குத் தோன்றியது. கஞ்சியைப் பாராட்டிய காலையில் அவன் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் இதனால்தான்.

இந்த நிலையில்தான் ஒருநாள் அந்த வாக்கியம் வந்தது.

"நான் இருக்கணும் லூர்து. தொண்டையில கொழாய் போட்டாலும் பரவால்ல. டாக்டர்கிட்ட சொல்லு."

டாக்டர் நஃபீசா வீட்டுக்கு வந்து பார்க்கிறவர். ஸ்டெல்லாவின் மூச்சு குறைந்துகொண்டே வருவதை அவர்தான் கவனித்துவந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மூச்சு இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் பல வருடங்கள் இருக்கலாம். இணைக்காவிட்டால் சில வாரங்கள்தான்.

லூர்துநாதன் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் இவங்க சொந்த வாயாலயே என்கிட்ட சொன்னாங்க சார். கொழாயும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்னு. ஃபைல்ல இருக்கு. மனசு மாறலாம், தப்பில்ல. ஆனா மாறினது இவங்க மனசுதான்னு நான் உறுதியா எழுதணும். இந்தப் பட்டையில யூகிக்கற வேலை ஏதாவது இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வீட்டில் செய்த பட்டையை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? ஸ்டெல்லா அவனோடு இருப்பாள். வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல். ஆனால் 'நீ இருக்கணும் ஸ்டெல்லா' என்று அவன் அவளுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறான்? நோய் தெரிந்த நாளிலிருந்து வேறென்ன எழுதினான்? அதைத் தின்றுதானே யூகி வளர்ந்தது? உள்ளே இருக்கிற ஸ்டெல்லா இன்னும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தன் ஆசைக்காக அவளைக் குழாயால் கட்டிலோடு கட்டிப்போட்ட பாவம் யாருக்கு?

"இருக்கு டாக்டர்," என்றான். "நாந்தான் எழுதினேன்."

ஸ்டெல்லாவின் தொண்டை துடித்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"நான்," என்றது குரல். பிறகு, "தான்."

"அதையும் மிஷின்தானேம்மா சொல்லுது?" என்றார் டாக்டர், அவள் நெற்றியைத் தடவியபடி.

இன்னும் கொஞ்சம் துடிப்பு. "முட்டாள்."

"டாக்டர், இது மட்டும் சத்தியமா அவதான்," என்றான் லூர்துநாதன். "இதுக்கு என் மெசேஜ்ல எடமே இல்ல."

டாக்டர் சிரித்தார். ஆனாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "அந்த யூகிக்கறத எடுத்துடுங்க சார். வெள்ளிக்கிழமை வர்றேன். மறுபடி கேக்கறேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் நான் உக்காந்திருப்பேன். அவங்களா வேணும்னு சொன்னா, மறுநாளே ஏற்பாடு பண்ணிடலாம். வரலைன்னா..." அவர் ஸ்டெல்லாவின் போர்வையைச் சரிசெய்தார். "முன்னாடி சொன்னதுதான் நிக்கும். வலி தெரியாம பாத்துக்குவோம்."

டாக்டர் படியிறங்கிய கையோடு லூர்துநாதன் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினான். "இனிமே ஒரு வார்த்தை பேசாத ஸ்டெல்லா. யூகிய எடுத்துட்டுத்தான் பேசற," என்றான்.

கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் கை வரவில்லை. எடுத்துவிட்டால் அவள் மறுபடி 'தண்ணி', 'வலி' ஆகிவிடுவாள். வெள்ளிக்கிழமை அவள் தொண்டையிலிருந்து 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் வந்தால் என்ன செய்வது? வந்தால் அதுதான் அவள். அதை வரவிடாமல் மூடி வைத்திருப்பது அன்பு இல்லை. அவன் மனத்துக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஒருமுறை சொல்லிவிட்டு, புது ஃபோல்டரிலிருந்து யூகியை அழித்தான். கம்பைல் செய்தான். எண்டர்.

கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியை மறுபடி இணைத்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தைரியமில்லை. கஞ்சி வைக்கிறேன் என்று சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டான். அரிசி வெந்து, பருப்பு வெந்து, அரைத்து, ஆற்றி, கிண்ணத்தோடு திரும்பி வர நேரம் நன்றாக ஓடிவிட்டது. வாசற்படியில் கால் வைத்ததும் ஸ்டெல்லா விழுங்கினாள்.

"யூகிய நீ எடுக்க வேண்டியதே இல்ல லூர்து. அது உள்ள வரவே இல்ல. கிளாஸ்பாத்தப் பாரு, மரமண்டை."

யூகியை எடுத்த பிறகும் முழு வாக்கியமாக வருகிறதே? கிண்ணத்தை வைத்துவிட்டுப் பெட்டிக்கு ஓடினான்.

நிரல் ஓடும்போது அதன் துண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று சொல்கிற வரிதான் கிளாஸ்பாத். பச்சைப் பொத்தான் வாழ்க்கையில் அதை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வருகிறது என்று சத்தமாகச் சொல்லச் சொல்லி இயந்திரத்துக்கு ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினான். ஊமை வாய் திறந்ததுபோல் திரையில் வரிகள் கொட்டின. நடுவில் அந்த வரி இருந்தது. யூகி வந்த இடம், ஸ்டெல்லாவின் பழைய ஃபோல்டர். ஒன்றும் எழுதாமல் அவள் விட்டுவைத்திருந்த அதே வெற்று யூகி. கிளாஸ்பாத்தில் அவளுடைய ஃபோல்டர்தான் முதலில் இருந்தது, அவனுடைய புது ஃபோல்டர் அதற்குப் பின்னால். ஆகவே இன்று மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே அதுதான். அவன் எழுதிய யூகி ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப கஞ்சிய நல்லாருக்குன்னு சொன்னது? அந்த நீலச் சட்டை? எல்லாம் நீயா?"

தொண்டை துடித்தது. "பாத்திரம்," என்றாள். பிறகு, "கழுவு."

இருபது வருடப் பழக்கத்தில் அவனுக்குப் புரிந்தது. எழுந்து போனான். பாத்திரங்களைக் கழுவினான், அடுப்பைத் துடைத்தான், கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தான். அதற்கும் மேல் செய்ய ஒன்றும் இல்லாமல் கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினான். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மையில் அவள் என்ன பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை மாதமும் அவன் கடைக்குப் போன நேரமெல்லாம், சமைத்த நேரமெல்லாம், அவள் இப்படித்தான் ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகச் சேர்த்துக்கொண்டு அவன் வருகிற வரைக்கும் விழுங்காமல் வைத்திருந்திருக்கிறாள். காலையில் பார்த்த நீலச் சட்டைக்குச் சாயங்காலம்தான் வாக்கியம் முடிந்திருக்கிறது.

அவன் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஸ்டெல்லா விழுங்கினாள்.

"அன்னைக்கு ராத்திரி பூரா சேத்து வச்சு ஒரு வரி சொன்னேன். நீ யூகின்னு நெனச்சுக் குதிச்ச. எனக்காக ஒண்ணு செஞ்சு அது வேலை செய்யுதுன்னு உனக்கு அவ்ளோ சந்தோஷம். கெடுக்க மனசு வரல. அப்பறம் அதுவே சௌகரியமாப் போச்சு. நானாச் சொன்னா எனக்கு வெக்கம். யூகி சொல்லுதுன்னு நீ நெனச்சுக்கிட்டா எனக்கு வெக்கமில்ல."

லூர்துநாதன் அவள் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவளுடைய மூச்சு விட்டு விட்டு இழுத்தது, வயிறு குலுங்கியது. அவனுக்கு ஒரு கணம் பயமாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை, பட்டையும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் நஃபீசா தன்னோடு ஒரு பரிசோதகரையும் அழைத்துவந்தார். அவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் யூகம் எதுவும் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"நீங்க எழுதினீங்கதானே சார்? அது எங்க போச்சு?" என்றார் டாக்டர்.

"ஒரே பேர்ல ரெண்டு பேரு டாக்டர். வாசல்ல நிக்கறவன மொதல்ல உள்ள விட்டுட்டு மிஷின் கதவச் சாத்திக்கும். பின்னாடி இன்னொருத்தன் நிக்கறானான்னு பாக்காது. நான் எழுதினவன் இத்தன நாளும் கொல்லைப்பக்கம் நின்னிருக்கான். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லல. அத எழுதினதுல தப்பில்லையே, வச்ச எடத்துலதானே தப்பு."

டாக்டர் ஸ்டெல்லாவிடம் குனிந்தார். "ஸ்டெல்லாம்மா. கொழாய் போடட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

இந்த முறை அவள் சேர்த்து வைக்கவில்லை. எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு சொல்லுக்கும் விழுங்கினாள்.

"போடுங்க."

"மொதல்ல வேண்டாம்னு சொன்னீங்களேம்மா. ஏன் மாறுச்சு?"

வாசலில் டாக்டரை ஏற்றிவந்த ஓட்டுநரில்லாத ஆட்டோ, ஆள் வரவில்லையே என்று இரண்டு முறை மணியடித்துவிட்டுப் போய்விட்டது. யாரும் நகரவில்லை.

"அப்ப," என்றாள். "சொல்ல." "ஒண்ணும்." "இல்லன்னு." "நெனச்சேன்."

டாக்டர் எழுதப் போனார். அவள் தொண்டை இன்னும் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து லூர்துநாதன் அவரைக் கையமர்த்தினான்.

"இன்னும்," என்றாள் ஸ்டெல்லா. "பாக்கி." "இருக்கு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முந்தின நாள் லூர்துநாதன் கேட்டான். "இப்பவாவது யூகிய ஒழுங்கான எடத்துல வச்சுடட்டுமா? உனக்குக் கஷ்டம் கொறையும்."

"வேண்டாம்," என்றாள். அவன் வற்புறுத்தவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் குழாய் வந்துவிட்டதால் பட்டையைத் தாடைக்கடியில் மாற்றி ஒட்டினார்கள். புது இடத்தின் துடிப்புக்கு ஏற்ப நிரலில் சில எண்களைத் திருத்த வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் மடியில் கணினியை வைத்துக்கொண்டு லூர்துநாதன் திருத்தினான். கிளாஸ்பாத்தை வாய்விட்டு வாசித்தான். இன்னொருமுறை வாசித்தான். கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினான். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. அந்த மௌனத்தை அவன் முதன்முறையாக நம்பினான்.

நர்ஸ் சற்று நேரம் நின்று பார்த்தாள். "என்ன சார், பேசவே இல்லையே? வேலை செய்யலையா?"

"எழுதிக்கிட்டிருக்கா," என்றான் அவன். "நீங்க போய்ட்டு வாங்க சிஸ்டர்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. மூச்சு இயந்திரம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. அவளுடைய தாடைக்கடியில் ஒரு நரம்பு விடாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அது அடங்கியது. அவள் விழுங்கினாள்.

"இன்னைக்குன்னு பாத்து எதுக்கு இந்த அழுக்குச் சட்டை? அந்த நீலத்தப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

லூர்துநாதன் மேலப்புதூருக்கு ஆட்டோ பிடித்தான். நீலச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.